மாணவர் வானொலி: கேட்பவர்களும் சேர வருபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு அடிவாரத்தை ஒட்டியிருக்கும் எங்கள் சமுதாயக் கல்லூரியில் மாணவர்கள் நடத்திவரும் வானொலி நிலையத்துக்கு நேரிலும் தொலைபேசியிலும் அஞ்சலட்டையிலும் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். விடைகளை எழுதும் நான் இந்த நிலையத்தில் மாணவியாகச் சேர்ந்தவள்; படிப்பு முடிந்த பின்னும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக வாரம் இருமுறை வந்துபோகிறேன்.

நிலையத்தை உண்மையில் நடத்துவது மாணவர்களா, ஆசிரியர்களா?

ஒலிபரப்பு அனுமதி கல்லூரியின் பெயரில் இருப்பதால் சட்டப்படியான பொறுப்பு கல்லூரியைச் சேர்ந்தது. நிகழ்ச்சியைத் திட்டமிடுவது, பதிவுக்குச் செல்வது, வெட்டி ஒட்டித் தொகுப்பது, குறித்த நேரத்தில் ஒலிபரப்புவது, ஒலிபரப்பியதைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகிய அனைத்தும் மாணவர்களின் வேலை. அவர்களில் ஒருவரும் ஊடகக் கல்வி படிக்க வந்தவர் இல்லை. செவிலியர் உதவியாளர் பயிற்சி, தையல், குளிர்சாதனப் பெட்டி பழுதுநீக்கம், கணினி இயக்கம் என்று தொழில் கற்க வந்தவர்கள்தாம் மதிய இடைவேளையிலும் மாலையிலும் மைக்கின் முன் உட்காருகிறார்கள். எதை ஒலிபரப்பலாம் என்று ஆலோசனை சொல்லும் குழுவில் பாதிப் பேராவது உள்ளூர் மக்களாக இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. எங்கள் குழுவில் ஒரு நெசவாளியும், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும், மலையிலிருந்து இறங்கிவரும் காப்பி விவசாயி ஒருவரும் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன நிகழ்ச்சியை நாங்கள் இதுவரை ஒலிபரப்பியதில்லை.

சமுதாய வானொலி என்றால் என்ன? மற்ற எஃப்.எம். நிலையங்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

நம் நாட்டில் வானொலி நிலையங்கள் மூன்று வகைப்படும். முதலாவது அரசு சார்ந்த ஆகாசவாணி, இரண்டாவது விளம்பர வருவாயை நம்பி நடக்கும் தனியார் எஃப்.எம்., மூன்றாவது இலாப நோக்கமின்றி ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காக அந்த மக்களையே பேசவைத்து நடத்தப்படும் சமுதாய வானொலி. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் போட்டிகளின் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் வானொலி தொடங்க மத்திய அரசு வழிவிட்டது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும் தொழிற்கல்வி தரும் சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பும் அந்த 1995ஆம் ஆண்டில்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது. இரண்டும் ஒரே ஆண்டில் வேர்விட்டது தற்செயலாக இருக்கலாம். என்றாலும் இரண்டும் ஒரே வகை மக்களைத் தேடிப் போகின்றன என்பதால் எனக்கு அது மனத்துக்கு நெருக்கமான செய்தி.

எங்கள் ஊரில் உங்கள் நிலையம் கேட்பதில்லை. பக்கத்து ஊரில் நன்றாகக் கேட்கிறது. ஏன்?

எங்களுக்கு மிகுதியாக வரும் கேள்வி இது. சமுதாய வானொலியின் டிரான்ஸ்மிட்டர் 50 வாட் திறனுடையது. ஆண்டனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இந்த அளவுக்குச் சமவெளியில் சுமார் 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். ஆனால் சேலம் சமவெளியில் இல்லை. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோடுமலையும் சூழ நடுவில் அமைந்த ஊர். எஃப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர்தான் என்பதால் அது கண்ணுக்கு எட்டும் திசையில் நேராகச் செல்லுமே தவிர, மலையை வளைந்து கடப்பது அதற்கு அரிது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை 300 மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையது. தரையைத் தழுவிக்கொண்டு வரக்கூடியது. உங்கள் தாத்தா காலத்தில் மலைக்குப் பின்னாலிருந்த வீட்டிலும் திருச்சி கேட்டது, இன்று எங்கள் நிலையம் கேட்கவில்லை என்றால் காரணம் இந்த வேறுபாடுதான்.

ஆகவே உங்கள் வீட்டு மாடியில் நின்று கல்லூரியின் ஆண்டனாக் கம்பம் இருக்கும் திசையைப் பாருங்கள். இடையில் குன்றோ கரடோ மறைத்தால் கேட்பது கடினம். மறைப்பு ஏதும் இல்லாமலும் இரைச்சல் வந்தால் வானொலிப் பெட்டியைச் சன்னலோரம் வைத்து, அதன் கம்பியை முழுவதும் இழுத்து, சற்றே திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியானால் ஆண்டனாவை ஏற்காட்டு உச்சியில் வைத்துவிடலாமே?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடத்தில் வைத்தால் சேலம் முழுவதும் கேட்குமே என்று ஆசைப்படுவது இயல்பு. கல்வி நிறுவனங்கள் தங்கள் டிரான்ஸ்மிட்டரையும் ஆண்டனாவையும் தங்கள் முதன்மை வளாகத்துக்குள் மட்டுமே நிறுவலாம் என்று விதி இருப்பதால் அது முடியாது. விதியைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அது வேண்டாம் என்பதே என் கருத்து. 1924இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் முதலில் 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டுதான் ஒலிபரப்பியது. எங்களுடையது அதைவிட 10 வாட் கூடுதல். சிறிய எல்லைக்குள் பேசுகிறவர், கேட்டவரை மறுநாள் உழவர் சந்தையிலோ பேருந்திலோ நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சந்திப்பைப் பற்றிய நினைப்பு மைக்கின் முன் உட்காரும் ஒவ்வொரு மாணவருக்கும் இருப்பதால்தான் எங்கள் நிகழ்ச்சிகளில் பொறுப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மலைக்கு மேலே, எங்கள் அலை எட்டாத ஊர்களுக்கு நிகழ்ச்சிகளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்கிறோம். மாணவர்கள் மாதம் ஒருமுறை பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சென்று, ஊர்ப் பொது இடத்தில் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டி, கேட்டவர்கள் சொல்வதை அங்கேயே பதிவுசெய்துகொண்டு இறங்குகிறார்கள். இவ்வாறு கூட்டமாக உட்கார்ந்து கேட்பவர்கள் சொல்லும் விமர்சனம், தொலைபேசியில் வரும் பாராட்டைவிட எங்களுக்குப் பன்மடங்கு பயன்பட்டிருக்கிறது.

கைப்பேசியில் கேட்க முடியுமா?

எஃப்.எம். வசதியுள்ள கைப்பேசியில் இயர்போன் வயரைச் செருகினால் கேட்கும். அந்த வயர்தான் ஆண்டனாவாக வேலை செய்கிறது. வயர் செருக இடமில்லாத புதிய கைப்பேசிகள் பலவற்றில் இது இயலாது.

என் பேச்சு கொச்சையாக இருக்கும். எனக்கும் அறிவிப்பாளராக வாய்ப்பு உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்ல குரல் உடையவர்கள் என்பதையும், தொலைக்காட்சியிலும் தனியார் எஃப்.எம்.மிலும் கேட்ட வேகமான பேச்சோடு தங்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தயங்குகிறவர்கள் என்பதையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நிகழ்ச்சிகள் முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்று சமுதாய வானொலிக் கொள்கையே சொல்கிறது. "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா" என்று கேட்கும் குரலை இந்த ஊர்க்காரர் ஒருவர் தம் பக்கத்து வீட்டுக் குரலாக உணர்வார். அந்த உணர்வைச் செந்தமிழில் எழுதி வாசித்த அறிவிப்பு தருவதில்லை.

நாங்கள் திருத்துவது வேறு சிலவற்றை. லகர, ளகர, ழகரம் தெளிவாக ஒலிக்கப் பயிற்சி தருகிறோம். ஏனென்றால் வானொலியில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை. மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடவும், பகரம் வரும் சொற்களில் காற்று மைக்கில் மோதாதபடி முகத்தைச் சற்றே விலக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். எழுதியதை வாசிக்கும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்கிறோம். எதிரே உண்மையாகவே ஒருவரை உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

மலைவாழ் மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள் என்று சேலம் நகரத்திலேயே சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழின் ஒரு வழக்கு. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. அந்தப் பேச்சை நகரத்துப் பேச்சாக மாற்றிக்கொண்டு வரவேண்டும் என்று எந்த மாணவரும் எண்ண வேண்டாம். நிலையத்துக்கு நீங்கள் கொண்டுவரும் செல்வமே அதுதான்.

எத்தகைய நிகழ்ச்சிகளை ஒலிபரப்புகிறீர்கள்?

நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி. நாங்கள் அதற்கும் மேலே வைத்துக்கொள்ள முயல்கிறோம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்புப் புகைக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்பவர்களின் கண் நலம் பற்றிச் செவிலியர் உதவியாளர் வகுப்பு மாணவிகள் நடத்திய தொடர்தான் இதுவரை மிகுதியான அழைப்புகளைக் கொண்டுவந்தது. அம்மாப்பேட்டையில் நெசவாளர் ஒருவரிடம் பதிவுக்குச் சென்றபோது பக்கத்து விசைத்தறிகளின் ஓசையில் அவருடைய குரலே கேட்கவில்லை. மின்தடை நேரத்தைக் கேட்டறிந்து, அந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் போய்ப் பதிவுசெய்தோம். தறி நின்ற அமைதியில் அவர் பேசிய பேச்சு, தறி ஓடும்போது யாருக்கும் சொல்லியிராத பேச்சாக இருந்தது.

ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு அனுப்பும் மரவள்ளி விவசாயிகளுக்கான அரை மணி நேரம், மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடி பூக்க மழை வேண்டி நிற்கும் காலத்தில் மலை விவசாயிகளோடு உரையாடல், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களின் குரல், ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாப் பதிவு ஆகியவை ஆண்டுதோறும் வருபவை. வேலைவாய்ப்பு, தேர்வு, கல்லூரிச் சேர்க்கை பற்றிய அறிவிப்புகளும் நாள்தோறும் உண்டு.

செய்தி ஏன் வாசிப்பதில்லை?

சமுதாய வானொலி தானாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம். மின்தடை, குடிநீர், வானிலை, போக்குவரத்து, நோய் எச்சரிக்கை, விழாக்கள், விளையாட்டு ஆகியவை பற்றிய தகவல்கள் செய்தியாகக் கருதப்படுவதில்லை என்பதால் அவற்றை நாங்களே தருகிறோம். அரசியல் கட்சி சார்ந்த எதற்கும் இங்கே இடமில்லை. தேர்தல் காலத்தில் உறவினர் பெயரைச் சொல்லி வாழ்த்துக் கேட்டு வருபவர்களையும் அன்போடு திருப்பி அனுப்புகிறோம்.

தவறான தகவல் ஒலிபரப்பாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஒருமுறை அப்படி நடந்தது, தவறு என்னுடையது. ஒரு பகுதிக்குக் குடிநீர் வரும் கிழமையை நான் மாற்றி வாசித்துவிட்டேன். ஒரு தெருப் பெண்கள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் குடங்களோடு காத்திருந்து, தண்ணீர் வராமல் திரும்பியிருக்கிறார்கள். அன்று மாலை நான் வீட்டுக்குச் செல்லும் பேருந்தில் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ சொன்னதைக் கேட்டுத்தான் நின்னோம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று நாளும் அதே நேரத்தில், அதே குரலில், தவறையும் சரியான கிழமையையும் சொன்னோம். வேறு நேரத்தில் சொன்னால் தவறைக் கேட்டவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. அன்றுமுதல் நாளும் நேரமும் எண்ணும் வரும் எந்த அறிவிப்பையும் ஒருவர் எழுத, மற்றொருவர் உரிய அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்து கையெழுத்திட்ட பிறகே வாசிக்கிறோம். ஒலிபரப்பிய அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி என்பதால், நாங்கள் சொன்னதாக யாராவது முறையிட்டால் அந்தப் பதிவை அவர் முன்னாலேயே போட்டுக் கேட்கலாம்.

சினிமாப் பாட்டுகளை இன்னும் கூடுதலாகப் போடக்கூடாதா?

பதிப்புரிமை உள்ள பாடலை ஒலிபரப்ப உரிமையாளருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கென எங்களிடம் இருக்கும் தொகை சிறியது. ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளில் முடிந்தாலும், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை தொடர்கிறது என்பதால், "பழைய பாட்டுத்தானே" என்று எடுத்துப் போட்டுவிட முடியாது. பாரதியார் பாடல்கள் பொதுவுடைமை; அவற்றை எங்கள் மாணவர்களே பாடிப் பதிவுசெய்கிறார்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, மலைக் கோயில் பாட்டு ஆகியவற்றைப் பாடுபவர்களின் ஒப்புதலோடு பதிவுசெய்வதில்தான் நாங்கள் பெரிதும் நாட்டம் கொண்டிருக்கிறோம். சினிமாப் பாட்டு வேறு எங்கும் கிடைக்கும், இவை கிடைக்கா.

ஸ்டுடியோ அமைக்கப் பெருஞ்செலவு ஆகுமா?

டிரான்ஸ்மிட்டருக்கும் கம்பத்துக்கும் ஆகும் செலவைக் குறைக்க வழியில்லை. அறையை எளிதாக அமைக்கலாம். முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினால் வெளியோசை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவை அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிதளவு குறைக்கும், வெளியே போகும் லாரியின் ஓசையைத் தடுக்கா. கனமான பவானி ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து சற்று இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டோம். நல்ல பலன் கிடைத்தது. தொகுப்பதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். கோடை இடிமழையில் இடிதாங்கி இருந்தாலும் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடுகிறோம். ஏப்ரல், மே மாலைகளில் ஒலிபரப்பு திடீரென நின்றால் காரணம் பெரும்பாலும் அதுவே.

பணம் எங்கிருந்து வருகிறது?

கல்லூரியின் ஒதுக்கீடும் விளம்பரமும். 2024 பிப்ரவரியில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் செய்ய அனுமதி கிடைத்தது. அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. அனுமதிக்கப்பட்ட நேரம் முழுவதையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. புகையிலைப் பொருள், வட்டிக் கடன், அதிசய மருந்து ஆகியவற்றின் விளம்பரத்தை எத்தனை ரூபாய் கொடுத்தாலும் ஏற்பதில்லை என்று மாணவர்களே தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

ஓராண்டுப் படிப்பு முடிந்ததும் மாணவர்கள் போய்விடுகிறார்களே, நிலையம் எப்படித் தொடர்கிறது?

எங்களுடைய பெரிய இடர்ப்பாடு இதுதான். ஒருவர் மிக்சரின் நுட்பம் பிடிபட்டுத் தானே தனியாக நேரலை நடத்தும் நிலைக்கு வரும்போது அவருக்கு வேலை கிடைத்துவிடுகிறது. அதற்காக நாங்கள் வருந்தவும் கூடாது, அவர் கல்லூரிக்கு வந்ததே அந்த வேலைக்காகத்தான். ஆகவே ஒவ்வொரு பொறுப்பிலும் இருவரை வைக்கிறோம். மூத்தவர் விடைபெறும் முன் இரண்டு மாதம் இளையவர் நடத்த, மூத்தவர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தச் சுவிட்ச் எதற்கு, எந்தத் தெருவில் யாரைக் கேட்டால் கதவு திறக்கும், எந்தப் பாட்டிக்கு மாலையில் பாட மனம் வரும் என்பவற்றையெல்லாம் கையால் எழுதிய குறிப்பேடுகளில் விட்டுச்செல்கிறார்கள். அந்தக் குறிப்பேடுகளை நான் வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த இரவுகள் உண்டு.

எங்கள் கல்லூரியும் இப்படி ஒரு நிலையம் தொடங்க விரும்புகிறது. என்ன செய்ய வேண்டும்?

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபர்களும் அரசியல் கட்சிகளும் விண்ணப்பிக்க முடியாது. தொண்டு நிறுவனமாக இருந்தால் குறைந்தது மூன்றாண்டு மக்கள் பணி செய்திருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் அனுமதி பத்தாண்டுக்கு வழங்கப்படுகிறது. அலைவரிசை ஒதுக்கீடு வரை காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல், அந்தக் காலத்திலேயே மாணவர்களை ரெக்கார்டரோடு ஊருக்குள் அனுப்புங்கள். எங்களுக்கு அனுமதி கைக்கு வந்தபோது ஒலிபரப்பத் தக்க பதிவுகள் ஏற்கெனவே அலமாரியில் இருந்தன.

என் பாட்டி உங்கள் நிகழ்ச்சியில் பாடினார். அந்தப் பதிவின் நகல் கிடைக்குமா?

கிடைக்கும்; கட்டணம் இல்லை. பாடியவருக்கும் பேசியவருக்கும் முதல் நகலைக் கொடுத்த பிறகுதான் நிகழ்ச்சியை ஒலிபரப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். விடுபட்டிருந்தால் அது எங்கள் பிழை. மூன்று மாதக் கெடு முடிந்த பின்னும் பாட்டுகளையும் கதைகளையும் நாங்கள் அழிப்பதில்லை. பாடியவரின் பெயர், ஊர், தோராயமான மாதம் ஆகிய மூன்றையும் சொன்னால் போதும். பென் டிரைவ் இல்லாதவர்கள் சனிக்கிழமை பிற்பகலில் பாட்டியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஸ்டுடியோவில் உட்காரவைத்து ஹெட்போனில் அவருடைய குரலை அவருக்கே போட்டுக் காட்டுகிறோம்.